ஏழு ஆண்டு என்பது எத்தனை நாள்? ஒலிவியா டி ஹேவிலண்டும் வார்னர் பிரதர்ஸ் வழக்கும்

1943ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒலிவியா டி ஹேவிலண்ட் என்ற 26 வயது நடிகைக்கும் வார்னர் பிரதர்ஸ் என்ற பெரும் படநிறுவனத்துக்கும் ஒரு சின்னக் கணக்கில் உடன்பாடு ஏற்படவில்லை. 1936 மே மாதம் தொடங்கிய ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார் நடிகை. இன்னும் ஏறத்தாழ ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்றது நிறுவனம். இடையில் சில வேடங்களை அவர் மறுத்தார், அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, ஆகவே அந்த நாட்கள் ஏழாண்டில் சேராது, அவற்றை ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். ஆறு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு படம் நடித்துக்கொடுத்துவிட்டு வெளியேறிவிடலாமே என்று பலருக்கும் தோன்றியிருக்கும். அந்த ஆறு மாதத்திலும் ஒரு வேடத்தை மறுத்தால் அதுவும் கடைசியில் ஒட்டப்படும், அதற்கு முடிவே இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். இந்த வழக்கின் உயிர் அந்தக் கண்டுகொள்ளலில் இருக்கிறது.

இந்த நடிகையைப் பற்றிப் பொதுவாக எழுதப்படுபவை இரண்டு வகை. ஒன்று, அவர் நடித்த மெல்லிய, பொறுமையான பெண்களைப் பற்றியது. மற்றொன்று, தங்கை ஜோன் ஃபான்டெய்னோடு வாழ்நாள் முழுவதும் இருந்த மனத்தாங்கலைப் பற்றியது. இரண்டிலும் நீதிமன்ற வழக்கு ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. அவருடைய நடிப்பு வாழ்க்கையின் நடுத்தூண் அந்த வழக்குதான் என்றும், அதற்கு முன்னால் வந்த படங்களையும் பின்னால் வந்த படங்களையும் அதை நடுவில் வைத்தே பார்க்க வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

ஒலிவியா 1916 ஜூலை 1 அன்று ஜப்பானின் தோக்கியோ நகரில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை அங்கே காப்புரிமை வழக்கறிஞர். தாய் நாடகக் கல்வி பெற்றவர். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் வரும் ஒலிவியா என்ற பாத்திரத்தின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள். 1919இல் தாய் இரு பெண் குழந்தைகளோடு கலிபோர்னியாவில் தங்கிவிட, தந்தை ஜப்பானுக்கே திரும்பினார். சாரட்டோகா என்ற சிற்றூரில் தாயின் இரண்டாம் திருமணத்துக்குப் பின் அமைந்த வீட்டில் கட்டுப்பாடு கடுமையானது. பள்ளி நாடகத்தில் நடிக்கக்கூடாது என்று மாற்றாந்தந்தை தடுத்தபோது, பதின்வயதுப் பெண்ணான ஒலிவியா நாடகத்தை விடவில்லை, வீட்டை விட்டு வெளியேறினார். வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் வார்னர் நிறுவனத்துக்கு வந்த பிறகு அவர் கற்றுக்கொண்டதல்ல என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

ஆங்கில ஆசிரியை ஆவதே அவருடைய எண்ணம். அதற்கென மில்ஸ் கல்லூரியில் படிக்க உதவித்தொகையும் கிடைத்திருந்தது. 1934 கோடையில் ஆஸ்திரிய இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், 'ஹாலிவுட் பவுல்' என்ற திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைப் பெரிய அளவில் மேடையேற்றினார். ஊர் நாடகக் குழுவில் ஒலிவியாவின் நடிப்பைக் கண்ட ரைன்ஹார்ட்டின் உதவியாளர், ஹெர்மியா பாத்திரத்துக்கான மாற்று நடிகைக்கும் மாற்றாக அவரைச் சேர்த்தார். முதன்மை நடிகை படவேலைக்காக விலகினார், முதல் மாற்று நடிகையும் விலகினார், அரங்கேற்றத்துக்குச் சில நாட்களே இருந்தபோது வேடம் 18 வயது ஒலிவியாவின் கைக்கு வந்தது. அதே நாடகத்தைப் படமாக எடுத்த வார்னர் பிரதர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. கல்லூரிக்கு அவர் போகவே இல்லை.

அந்தக் காலத்து ஹாலிவுட் ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏழாண்டு ஒப்பந்தம் என்றால் ஏழாண்டுக்கு வேலை உறுதி என்று பொருளல்ல. ஒப்பந்தம் சிறு தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தவணை முடிவிலும் அதை நீட்டிப்பதா, நடிகரை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. நடிகருக்கு அந்த உரிமை கிடையாது. என்ன வேடம், எந்த இயக்குநர், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் நிறுவனமே தீர்மானிக்கும். வேறு நிறுவனம் கேட்டால் நடிகரைக் கடனுக்கு அனுப்பும். அதற்குக் கிடைக்கும் கூடுதல் தொகை நடிகருக்குப் போகாது. கொடுத்த வேடத்தை நடிகர் மறுத்தால் இடைநீக்கம். சம்பளம் நின்றுவிடும், வேறெங்கும் நடிக்கவும் முடியாது. அந்த வேடத்தை மற்றொருவர் நடித்து முடிக்கும்வரை ஓடிய நாட்கள் ஒப்பந்தத்தின் முடிவில் சேர்க்கப்படும். ஆக, மறுப்பதற்கு நடிகர் கொடுத்த விலை இரண்டு: இன்றைய சம்பளம், நாளைய விடுதலை. முதல் விலையைக் கொடுக்கப் பலர் துணிந்தார்கள். இரண்டாவது விலையைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டா என்று யாரும் அதுவரை தீர்ப்பு வாங்கவில்லை.

1935 டிசம்பரில் வெளிவந்த 'கேப்டன் பிளட்' ஒலிவியாவையும் எரால் ஃபிளின் என்ற புதுமுகத்தையும் ஒரே நாளில் நட்சத்திரங்களாக்கியது. 1941க்குள் இருவரும் எட்டுப் படங்களில் இணைந்தார்கள். அவற்றில் 1938இல் வந்த 'தி அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்' இன்றும் வண்ணம் மங்காமல் நிற்கிறது. இந்தப் படங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஃபிளினின் துள்ளலுக்கு ஒலிவியாவின் நிதானம் இல்லாவிட்டால் அவற்றில் பாதி நம்பகத்தன்மை போயிருக்கும். ஆனால் அவருடைய பாத்திரத்துக்குக் கதையில் இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: நாயகன் வாள் வீசப் போவான், அவள் காத்திருப்பாள், அவன் திரும்பி வருவான். பத்தொன்பது வயதில் அது வாய்ப்பு. இருபத்தைந்து வயதில் அது சிறை. அந்த நிறுவனத்தில் கனமான பெண் பாத்திரங்கள் இல்லாமல் இல்லை. அவை அதே நிறுவனத்தின் மற்றொரு நடிகையான பெட்டி டேவிஸுக்குப் போயின.

வெளியிலிருந்து வந்த அழைப்புகளே அவருக்கு வழி திறந்தன. மார்கரெட் மிட்செலின் நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனி பாத்திரத்துக்கு ஒலிவியாவை விரும்பினார். வார்னர் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வார்னர் அனுப்ப மறுத்தார். அவ்வளவு பெரிய படத்தில் நடித்துவிட்டுத் திரும்பினால் இந்தப் பெண் கட்டுக்குள் நிற்க மாட்டார் என்பது அவருடைய அச்சம். ஒலிவியா நேரே ஜாக் வார்னரின் மனைவி ஆன் என்பவரைத் தேநீருக்கு அழைத்து, அந்த வேடம் தனக்கு ஏன் தேவை என்று எடுத்துச் சொன்னார். மனைவியின் சொல் எடுபட்டது. 1939இல் வெளியான அந்தப் படத்தில் எல்லோரும் நாயகி ஸ்கார்லெட்டாக நடிக்க ஆசைப்பட்டபோது, மெலனியைத் தேடிப் போனவர் இவர். நல்லவளாக மட்டும் எழுதப்பட்ட ஒரு பெண்ணைச் சலிப்பில்லாமல் நடிப்பது எவ்வளவு கடினம் என்பதை, அதே படத்தை மறுமுறை பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. வீட்டுக்குள் வந்த படைவீரனை ஸ்கார்லெட் சுட்டுக் கொன்றபோது, நோயுற்ற நிலையில் கையில் வாளை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து நிற்கும் மெலனியின் முகத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. குடும்பத்தைக் காக்க என்ன செய்ய வேண்டுமோ அது செய்யப்பட்டது என்ற தெளிவு மட்டுமே இருக்கிறது. துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. விருது அதே படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குப் போனது.

ஜாக் வார்னரின் அச்சம் ஒருவகையில் பலித்தது. திரும்பி வந்த ஒலிவியாவுக்கு மறுபடியும் பழைய வகை வேடங்களே தரப்பட்டன. அவர் மறுத்தார், இடைநீக்கம் செய்யப்பட்டார். 1941இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்குக் கடனாகப் போய் நடித்த 'ஹோல்ட் பேக் த டான்' சிறந்த நடிகைக்கான பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. அந்த ஆண்டு விருது தங்கை ஜோனுக்குக் கிடைத்ததையே பத்திரிகைகள் இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவருக்குக் கிடைத்த இரண்டு பரிந்துரைகளும் சொந்த நிறுவனத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட படங்களுக்கு வந்தவை. 1943இல் அவர் எடுத்த முடிவுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

முன்னுதாரணம் ஒன்று இருந்தது. அது அச்சமூட்டும் முன்னுதாரணம். 1936இல் பெட்டி டேவிஸ் இதே வார்னர் நிறுவனத்தின் இதே வகை ஒப்பந்தத்தை எதிர்த்து இங்கிலாந்துக்குப் போய் அங்கே படம் நடிக்க ஏற்பாடு செய்தார். நிறுவனம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நடிகையைக் கட்டாயப்படுத்தி நடிக்கவைக்க நீதிமன்றத்தால் இயலாது. ஆனால் வேறு யாருக்கும் நடிக்கக்கூடாது என்று உறுத்துக் கட்டளை (தடையாணை) பிறப்பிக்க இயலும் என்று நீதிபதி பிரான்சன் தீர்ப்பளித்தார். டேவிஸ் தோற்றுத் திரும்பினார். பின்னர் நிறுவனம் அவருக்கு நல்ல வேடங்களைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது நிறுவனத்தின் விருப்பம். அவருடைய உரிமையாக ஆகவில்லை. ஏழு ஆண்டுக்குப் பின் ஒலிவியா அதே சுவரை வேறொரு பக்கத்திலிருந்து அணுகினார்: ஒப்பந்தம் கொடுமையானது என்று அவர் வாதிடவில்லை, முடிந்துவிட்டது என்று வாதிட்டார்.

அந்தப் பக்கத்தைக் காட்டியவர் மார்ட்டின் கேங் என்ற வழக்கறிஞர். கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 2855 என்ற பிரிவு இருந்தது. தனிப்பட்ட உழைப்பைத் தருவதற்கான ஒப்பந்தத்தை, வேலை தொடங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுக்கு மேல் தொழிலாளிக்கு எதிராக நடைமுறைப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். 1872இல் உரிமையியல் சட்டத் தொகுப்பில் இந்த விதி முதலில் இடம்பெற்றபோது எல்லை இரண்டே ஆண்டு. 1919இல் அது ஐந்தாக உயர்ந்தது, 1931இல் ஏழானது. முதலாளிகளின் கை வலுக்க வலுக்க எல்லையும் நீண்டுகொண்டே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1937இல் அந்த விதி தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கு மாற்றப்பட்டது. இடமாற்றம் வெறும் நூலகர் வேலைபோலத் தோன்றினாலும், பின்னர் வழக்கில் அதற்குப் பொருள் கிடைத்தது.

1943 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் மேல்நிலை நீதிமன்றத்தில் ஒலிவியா வழக்குத் தாக்கல் செய்தார். அவர் நட்டஈடு கேட்கவில்லை. ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்று அறிவிக்குமாறு மட்டுமே கேட்டார். விசாரணையில் அவரைச் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன நட்சத்திரமாகக் காட்ட எதிர்த்தரப்பு முயன்றது. வேடங்களை ஏன் மறுத்தீர்கள் என்ற கேள்விகளுக்கு அவர் நிதானமாகப் பதில் சொன்னார். 1944 மார்ச்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு எடுக்க மறுத்ததோடு வழக்கு முடிந்தது.

மேல்முறையீட்டுத் தீர்ப்பு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. முதலாவது, ஏழு ஆண்டு என்றால் என்ன? உண்மையில் வேலை செய்த ஏழு ஆண்டு என்று படிக்க வேண்டும் என்றது நிறுவனம். சட்டமன்றம் அப்படிக் கருதியிருந்தால் அப்படி எழுதியிருக்கும். ஏழு ஆண்டு என்பது நாட்காட்டியில் ஓடும் ஏழு ஆண்டுதான் என்றது நீதிமன்றம். வேலை செய்த நாட்களை மட்டும் எண்ணினால், நிறுவனம் வேலை கொடுக்காத நாட்களும், நடிகர் மறுத்த நாட்களும் கழிந்து, ஏழாண்டுச் சேவை என்பது எத்தனை ஆண்டுக்கு வேண்டுமானாலும் நீளக்கூடும். எல்லை விதிப்பதற்காகவே எழுதப்பட்ட சட்டத்தை எல்லையில்லாததாகப் படிக்க நீதிமன்றம் மறுத்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. இடைநீக்க நாட்கள் சேர்க்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதே, நடிகை கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அந்தப் பாதுகாப்பை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் அல்லவா? இதற்கு நீதிமன்றம் கொடுத்த விடை, இந்த விதி ஒரு தனி மனிதருடைய வசதிக்காக எழுதப்பட்டதல்ல என்பதாகும். உழைப்பவர் ஓர் எல்லைக்குப் பின் வேறிடம் தேடிப் போகவும், தன் திறமைக்கு ஏற்ற விலையைப் புதிதாகப் பேசவும் முடிய வேண்டும் என்பது பொதுக் கொள்கை. பொது நலனுக்காக இயற்றப்பட்ட பாதுகாப்பைத் தனியார் உடன்படிக்கையால் கரைத்துவிட முடியாது. விதி தொழிலாளர் சட்டத் தொகுப்பில் வைக்கப்பட்டிருப்பதையும் நீதிமன்றம் இந்த நோக்கத்துக்குச் சான்றாகக் கொண்டது. பேரம் பேச வலுவில்லாதவரிடம் வாங்கிய கையெழுத்தைக் காட்டியே அவருடைய பாதுகாப்பைப் பறிக்கலாம் என்றால், பாதுகாப்புச் சட்டம் எதற்கு? நடிகை என்ற சொல்லை எடுத்துவிட்டு எந்தத் தொழிலாளியையும் அந்த இடத்தில் வைத்துப் படித்தாலும் இந்தப் பகுதி அப்படியே பொருந்துகிறது. இந்தத் தீர்ப்பின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

வழக்கு நடந்த காலத்தைக் கதைகள் சுருக்கிவிடுகின்றன. அவருக்கு அது சுருங்கவில்லை. ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறது, இவரை நடிக்கவைக்கக்கூடாது என்று வார்னர் நிறுவனம் மற்றப் படநிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஒரு நடிகையின் இருபத்தேழு, இருபத்தெட்டு வயது என்பது அந்தத் தொழிலில் என்ன மதிப்புள்ளது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டு அவர் கேமராவுக்கு முன் நிற்க முடியவில்லை. போர்க்காலமாதலால் அமெரிக்கப் படைவீரர்களின் மருத்துவமனைகளுக்குச் சென்றார். அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளின் குளிருக்கும் தென் பசிபிக் தீவுகளின் வெப்பத்துக்கும் மாறி மாறிப் பயணம் செய்தவர், ஃபிஜியில் நிமோனியா கண்டு படுத்தார். நட்சத்திரங்கள் படைமுகாம்களில் பாடி ஆடி மகிழ்விப்பதே அப்போது வழக்கம். இவர் வார்டு வார்டாகச் சென்று காயம்பட்டவர்களின் படுக்கையருகே அமர்ந்து பேசினார். இந்தப் படுக்கையருகு அனுபவம் சில ஆண்டுக்குப் பின் அவர் நடித்த ஒரு படத்தில் பயன்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பழைய நிறுவனம் 1943இல் எடுத்து முடித்த 'டிவோஷன்' படத்தை 1946வரை வெளியிடாமல் வைத்திருந்தது. வெளியிட்டபோது ஒலிவியாவின் பெயர் மூன்றாவது இடத்தில் இருந்தது.

அதே 1946இல் பாரமவுண்ட் நிறுவனத்தின் 'டு ஈச் ஹிஸ் ஓன்' வந்தது. மணமாகாமல் தாயாகி, குழந்தையைத் தன் மகன் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் தூரத்திலிருந்து பார்த்தே வயதாகும் ஒரு பெண்ணின் கதை. கதைச் சுருக்கத்தைக் கேட்டால் கண்ணீர்ப் படம் என்றே தோன்றும். ஆனால் சிற்றூர்ப் பெண்ணிலிருந்து நடுவயதைத் தாண்டிய, வறண்டு இறுகிய வியாபாரியாக மாறும்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் குரலையும் நடையையும் உடல் எடையையும் அவர் மாற்றிக்கொண்டதைப் பார்க்கும்போது, ஏழாண்டில் ஒருமுறைகூடக் கிடைக்காத இடத்தை ஒரே படத்தில் நிரப்பிவிட வேண்டும் என்ற பசி தெரிகிறது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது.

1948இல் அனடோல் லிட்வாக் இயக்கிய 'தி ஸ்னேக் பிட்' அதைவிடத் துணிச்சலானது. மனநல மருத்துவமனையில் இருந்த தன் அனுபவத்தை ஒட்டி மேரி ஜேன் வார்டு எழுதிய நாவலே அதன் மூலம். படப்பிடிப்புக்கு முன் ஒலிவியா மனநல மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளையும், அங்கே தரப்பட்ட நீர்ச் சிகிச்சை, மின்அதிர்ச்சிச் சிகிச்சை முதலியவற்றையும் நேரில் கவனித்தார். படத்தில் அவருடைய தலைமுடி கலைந்து கிடக்கிறது, முகத்தில் ஒப்பனை இல்லை, உடை தொங்குகிறது. ஆனால் வெளித்தோற்றத்தைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது, நோயாளி தன் குழப்பத்தை மறைக்க முயலும் விதம். கேள்விக்கு விடை தெரியாதபோது தெரிந்ததுபோல் ஒரு சிறு புன்னகை, அடுத்த கணமே அந்தப் புன்னகை பிடிபட்டுவிட்டதா என்ற பயம். பைத்தியத்தைக் கூச்சலாகக் காட்டிய காலத்தில், அறிவுள்ள ஒரு பெண் தன் அறிவு நழுவுவதைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதாக அவர் காட்டினார். பிரிட்டனில் தணிக்கையாளர்கள், அங்குள்ள மருத்துவமனைகளின் நிலை வேறு என்று ஒரு முன்குறிப்பைச் சேர்த்த பிறகே படத்தை அனுமதித்தார்கள். நியூயார்க் விமர்சகர் வட்டத்தின் விருதும் வெனிஸ் விழாவின் விருதும் அவருக்குக் கிடைத்தன. ஆஸ்கார் பரிந்துரையோடு நின்றது.

அடுத்த ஆண்டு 'தி ஹெய்ரஸ்'. நியூயார்க்கில் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, இயக்குநர் வில்லியம் வைலரிடம் அதைப் படமாக்கலாம் என்று சொன்னவரே ஒலிவியாதான். வேடத்துக்காகக் காத்திருந்தவர் வேடத்தைத் தானே தேர்ந்தெடுத்து, இயக்குநரையும் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு ஐந்தே ஆண்டில் வந்துவிட்டார். ஹென்றி ஜேம்ஸின் சிறு நாவலை அடிப்படையாகக் கொண்ட அந்தக் கதையில் காத்தரின், தந்தையின் ஏளனத்திலும் காதலனின் பண ஆசையிலும் நசுங்கும் சாதாரணப் பெண். காதலன் தன்னை அழைத்துச் செல்ல வராமல் ஏமாற்றிய இரவில், பெட்டியோடு மாடிப்படி ஏறும் காட்சிக்கு வைலர் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கடைசியில் பெட்டிக்குள் உண்மையிலேயே புத்தகங்களை நிரப்பி ஏறச் சொன்னார் என்பார்கள். திரையில் அந்த எடை தெரிகிறது. படத்தின் முடிவில், திரும்பி வந்து கதவைத் தட்டும் காதலனுக்குக் கதவைத் திறக்காமல், விளக்கை ஏந்தி அதே படியில் ஏறும் காத்தரினின் முகம் மெலனியின் முகத்துக்கு நேர் எதிரானது என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே பெண்தான். மெலனிக்குக் கதவைத் திறந்து வைக்கும் உறுதி, காத்தரினுக்குக் கதவைச் சாத்தி வைக்கும் உறுதி. இந்தப் படத்துக்கு அவர் இரண்டாவது ஆஸ்கார் பெற்றார்.

வழக்குக்கு முன் ஏழு ஆண்டில் சொந்த நிறுவனத்தின் படம் எதற்கும் அவருக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. வழக்குக்குப் பின் நான்கே ஆண்டில் இரண்டு ஆஸ்கார், மூன்றாவதற்கு ஒரு பரிந்துரை. போருக்குப் பின் ஹாலிவுட்டுக்குக் கனமான கதைகளில் நாட்டம் வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் அந்தக் கதைகளைப் பிடித்துக்கொள்ள அவருடைய கைகள் கட்டவிழ்ந்திருக்க வேண்டும்.

தீர்ப்பின் பலன் அவரோடு நிற்கவில்லை. ஒப்பந்தக் காலத்தின் நடுவே போருக்குச் சென்ற நடிகர்களின் ஆண்டுகளும் நாட்காட்டியில் ஓடியவையே. போர்முனையில் கழிந்த காலத்தைத் திரும்ப ஈடுகட்டு என்று நிறுவனங்கள் இனிக் கேட்க இயலாமல் போயிற்று. ஆயினும் படநிறுவனங்களின் ஆட்சியைத் தனியொரு பெண் கவிழ்த்தார் என்று எழுதுவது மிகை. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு நிறுவனங்களைத் திரையரங்குகளிலிருந்து பிரித்தது. தொலைக்காட்சி கூட்டத்தைக் குறைத்தது. நீண்ட ஒப்பந்தத்தில் நூற்றுக்கணக்கானோரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பது நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகாமல் போனது. ஒலிவியாவின் வழக்கு இந்த மாற்றத்தின் முழுக் காரணமல்ல. அதன் முதல் சட்ட அடி. அந்த விதியை இன்றும் டி ஹேவிலண்ட் சட்டம் என்றே அழைக்கிறார்கள். அதிலும் ஓர் ஓட்டை பின்னர் போடப்பட்டது. 1987இல் இசைத்தட்டு நிறுவனங்களின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்ட திருத்தம், ஏழாண்டு முடிந்து வெளியேறும் பாடகரிடம் அவர் தரவேண்டியிருந்த இசைத் தொகுப்புகளுக்காக நட்டஈடு கேட்க நிறுவனத்துக்கு வழிசெய்தது. 2008இல் தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ் என்ற இசைக்குழு இதே ஏழாண்டு விதியைக் காட்டி வெளியேற முயன்றபோது, இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.

ஒலிவியா ஐம்பதுகளின் நடுவில் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, வாழ்நாளின் மீதியை அங்கேயே கழித்தார். இரண்டு திருமணங்கள், இரண்டு குழந்தைகள், மகனின் அகால மரணம் என்று தனிவாழ்க்கை போயிற்று. 1964இல் பெட்டி டேவிஸோடு நடித்தார். 1965இல் கான் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவரே. 2017இல், 101ஆவது பிறந்தநாளை ஒட்டி, பிரிட்டன் அவருக்கு டேம் என்ற உயரிய சிறப்புப் பட்டம் அளித்தது.

அதே பிறந்தநாளுக்கு முந்தின நாள் அவர் மீண்டும் கலிபோர்னிய நீதிமன்றத்துக்கு வந்தார். பெட்டி டேவிஸுக்கும் நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கும் இருந்த பகையைக் கதையாக்கிய 'ஃப்யூட்' என்ற தொலைக்காட்சித் தொடரில், தன் பெயரில் ஒரு பாத்திரத்தைத் தன் அனுமதியின்றி உலவவிட்டு, தான் சொல்லாத வம்புப் பேச்சுகளைத் தன் வாயில் வைத்துவிட்டார்கள் என்று எஃப்எக்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். அவருடைய வயதைக் கருதி விசாரணைக்கு முன்னுரிமை தரப்பட்டது. வழக்கை நடத்தலாம் என்று கீழ்நீதிமன்றம் அனுமதித்ததை, 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றி, வழக்கையே தள்ளுபடி செய்தது. 1944இல் அவருக்கு வெற்றி தந்த அதே இரண்டாம் வட்டார நீதிமன்றம் அது. உலகப்புகழ் பெற்றவராயினும் யாரும் அறியாதவராயினும் வரலாறு ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது.

இரண்டாம் வழக்கில் நீதிமன்றம் சொன்னது சரி என்றே நான் நினைக்கிறேன். உயிரோடிருப்பவரிடம் அனுமதி பெற்றே அவரைக் கதையில் வைக்க வேண்டும் என்றால் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆயினும் அவருடைய மனவருத்தம் உண்மையானது. தங்கையைப் பற்றி அந்தத் தொடரில் வரும் கொச்சைச் சொல்லைத் தான் ஒருபோதும் வெளியில் சொன்னதில்லை என்பதை நூற்றியோராவது வயதிலும் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். 1943இல் தன் பெயரில் எழுதப்பட்ட கணக்கைத் திருத்தியதுபோல் இதையும் திருத்த முயன்றார், முடியவில்லை. 2020 ஜூலை 26 அன்று, 104 வயதில், பாரிஸில் தன் வீட்டில் உறக்கத்திலேயே அவர் இறந்தார்.